அயலூரில் ஓர் ஓய்வுநாள்

புதிய ஊரொன்றிற் போய் இறங்கும் பயணி முதலில் எதைத் தேடுகிறான்? என்னைக் கேட்டால், காற்றோட்டமான அறை, கைக்கடக்கமான வாடகை, அண்மையில் ஒரு சைவக் கடை என்பேன். 2013 ஆம் ஆண்டுச் சித்திரை விடுமுறையில் நானும் என் மனைவியும் கேரளத்திலுள்ள கொச்சி நகருக்குச் சென்றபோது இம்மூன்றையும் பார்த்தே கோட்டைக் கொச்சியில் ஒரு சிறு விடுதியைத் தெரிந்துகொண்டோம். எங்களுக்கு அடுத்த அறையில் இலண்டனிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் தங்கியிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் எந்நேரமும் சிறிய வட்டக் குல்லாய். சட்டையின் கீழே இரு பக்கமும் தொங்கும் வெண்ணூற் குஞ்சங்கள். அவர் ஒரு யூதர்; அதிலும் தம் சமய விதிகளை அணுவும் பிசகாது கைக்கொள்ளும் யூதர்.

அவரும் அதே விடுதியைத்தான் தெரிந்திருந்தார். ஆயினும் அவர் பார்த்தவை வேறு. மட்டாஞ்சேரியிலுள்ள யூத ஜெபாலயத்துக்கு அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர், நடந்து போய்வரலாம். அறை நிலத்தளத்தில் இருந்தது. மின்தூக்கி ஏற வேண்டியதில்லை. கதவுக்குப் பழைய இரும்புத் திறப்பு. இக்காலத்துப் பெரிய விடுதிகளிற் கொடுக்கும் மின் அட்டை அன்று. இவற்றை அவர் சொல்லக் கேட்டபோது, ஒரே நகரத்துக்கு இருவேறு வரைபடங்கள் உண்டு போலும் என்று எண்ணிக்கொண்டேன். அதன் பொருள் எனக்கு வெள்ளிக்கிழமை மாலையிலேதான் விளங்கிற்று.

புதன்கிழமை காலை அவரைத் தோசை உண்ண அழைத்தேன். தூய மரக்கறி உணவு, மாமிசம் அடுப்படியைக்கூட அணுகாது என்று உறுதியும் கூறினேன். அவர் நன்றி கூறி மறுத்தார். மீண்டும் அழைத்தேன், மீண்டும் மறுத்தார். நானோ ஒரு பாடசாலை அதிபர்; அழைத்துப் பழகியவன், மறுக்கப்பட்டுப் பழகாதவன். பின்னர் அவர் தம் அறை வாயிலில் அமர்ந்து, தகரத்தில் அடைத்த மீனையும் தாமே உரித்த வாழைப்பழத்தையும் உண்பதைக் கண்டேன். என் மனம் சுருங்கிவிட்டது.

ஏன் சுருங்கிற்று என்பதையும் ஒளியாது சொல்லிவிடுகிறேன். பிறர் வீட்டிற் கைநனைக்காமை என்பதன் பொருளை யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் வளர்ந்த எனக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் அது சாதியின் செயல். இன்னாருடைய செம்பிலே தண்ணீர் குடிப்பதில்லை என்று ஒருவர் இருந்தால், அவர் அளந்தது செம்பையன்று, செம்புக்கு உரியவரை. அந்தப் பழைய அளவுகோல் என்மீது வைக்கப்பட்டதாகவே எனக்குத் தோன்றிற்று. பிறர்மீது அதை வைத்த கூட்டத்திற் பிறந்தவன் நான் என்ற நினைவு அப்போது வரவில்லை, பிறகே வந்தது.

அன்று மாலை சீன வலைகள் தொங்கும் கடற்கரையில் அவரே பேச்சை எடுத்தார். "நீங்கள் வருந்தினீர்கள், அறிவேன். உங்களைக் குறித்தன்று, சட்டியைக் குறித்தே மறுத்தேன்" என்றார். யூதரின் உணவு விதிகளை அவர் எடுத்துரைத்தார். கோஷர் என்று அவர்கள் சொல்லும் தகுதியான உணவே உண்ணலாம். பயிற்சி பெற்ற யூதர் முறைப்படி அறுத்த மாமிசமே ஆகும். அதிலும் பன்றி முதலிய விலங்குகள் அறவே விலக்கு. செதிலும் துடுப்பும் உள்ள மீன் ஆகும். இறால், நண்டு, கணவாய் ஆகா. மாமிசத்தையும் பாலையும் ஒரே வேளையில் சேர்த்து உண்பதில்லை; அவற்றுக்குச் சட்டியும் வேறு, கரண்டியும் வேறு. சூட்டிலே சமைத்த உணவின் சாரத்தைக் கலம் உறிஞ்சிக்கொள்கிறது என்பது அவர்கள் சட்டத்தின் கொள்கை. எனவே உணவிலே குற்றமில்லையாயினும் அது வெந்த சட்டியின் வரலாறு தெரிய வேண்டும். மாமிசம் புகாத கடையாயினும் பிறர் சமைத்த உணவு பற்றி வேறு விதிகளும் உண்டு.

"பிற மக்களோடு கலந்து மறைந்துபோகாதிருக்க வேண்டும் என்பதும் எங்கள் முன்னோர் கருத்து. ஆகையால் உங்கள் வருத்தம் முற்றிலும் காரணமற்றது என்று நான் சொல்லமாட்டேன்" என்றும் அவர் கூறினார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. பக்கத்தில் ஒருவர் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். மனிதர் கைபடாத பாத்திரம் அல்லவா அது! மூவரும் ஆளுக்கொன்று வெட்டுவித்துக் குடித்தோம். கொச்சியில் இருந்த நாளெல்லாம் எங்கள் விருந்தோம்பல் இளநீரிலேயே நடந்தது.

நேயர்களே, இவ்வாறு பயணம் செய்வது யூதருக்குப் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில், வட ஸ்பெயினைச் சேர்ந்த துதேலா என்னும் ஊரினரான பென்யமின் என்பவர் பல நாடுகளைச் சுற்றி ஒரு பயண நூல் எழுதினார். ஏறத்தாழ 1165 தொடக்கம் 1173 வரையில் அப்பயணம் நிகழ்ந்ததாகக் கொள்வர். ஊர் தோறும் அங்கே எத்தனை யூதர், அவர்களுக்குத் தலைவர் யார் என்பதை அவர் தவறாது குறிக்கிறார். கொன்ஸ்தாந்திநோபிளிலே யூதர் கடற்கழிக்கு அப்பால் தனியே வாழ்ந்ததையும், அரச வைத்தியர் ஒருவரைத் தவிர ஏனையோர் குதிரையேற அனுமதிக்கப்படாததையும் எழுதுகிறார். மிளகு விளையும் கொல்லத்தைப் பற்றியும் எழுதுகிறார். அங்கு நேரிற் சென்றாரோ, கேட்டு எழுதினாரோ என்பது ஆராய்ச்சியாளரின் ஐயம். இந்நூலைக் கல்லூரி நாளிற் படித்தபோது, என்ன இது, வெறும் குடிசன மதிப்பீடு என்று சலித்துக்கொண்டேன். கொச்சியிலேதான் அதன் பயன் புலப்பட்டது. எந்த ஊரிற் கதவைத் தட்டலாம், யாருடைய அடுப்பை நம்பலாம், வழிபாட்டுக்கு ஆள் சேருமா என்பதை அறிய விரும்பும் வழிப்போக்கனுக்கு அந்த எண்களே வேண்டற்பாலன.

அக்காலத்திலேயே மலையாளக் கரைக்கு வடக்கே மங்களூரில் துனீசியாவைச் சேர்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகர் 1132 தொடக்கம் 1149 வரை வாழ்ந்து, பித்தளைப் பட்டறை ஒன்றும் நடத்தினார். அவருடைய கடிதங்கள் எகிப்தின் பழைய கெய்ரோ ஜெபாலயத்தின் காகித அறையிலே கிடைத்தன. இறைவன் பெயர் எழுதப்பட்டிருக்கக் கூடுமென்று எந்தத் தாளையும் அழிக்காது போட்டுவைக்கும் வழக்கம் சரித்திரத்துக்குச் செய்த பேருபகாரம் அது.

வியாழக்கிழமை நாங்கள் மூவரும் மட்டாஞ்சேரிக்குச் சென்றோம். வெள்ளியும் சனியும் பார்வையாளருக்கு ஜெபாலயம் திறப்பதில்லையாகையால் அன்றே போக வேண்டியதாயிற்று. 1568 இல், கொச்சி அரசர் தம் அரண்மனையின் அருகிலேயே கொடுத்த நிலத்திற் கட்டப்பட்டது அது. அரண்மனையைச் சார்ந்த பகவதி கோயில் ஒருபுறம், யூதரின் ஜெபாலயம் மறுபுறம். 1662 இற் போர்த்துக்கேயர் அதற்குச் சேதம் விளைத்தனர். அடுத்த ஆண்டு ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றியபின் அது புதுப்பிக்கப்பட்டது. அருகே நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1760 ஆம் ஆண்டினது. அதன் முகங்களில் எபிரேய எண்ணும் உரோம எண்ணும் மலையாள எண்ணும் காணலாம். உள்ளே தரையிற் சீனாவிலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள். ஆயிரத்துக்கு மேற்பட்டவை, ஒவ்வொன்றும் கையாற் தீட்டியவை. வாயிலிற் பாதரட்சைகளைக் கழற்றிவிட்டே புகுகிறார்கள். எங்கள் நண்பர் சற்றுத் தயங்கினார். ஐரோப்பிய யூதருக்கு அவ்வழக்கம் இல்லை. எங்களுக்கோ அந்த ஓரிடத்திலேதான் வழி சொல்லிக் கொடுக்க ஒருவரும் வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சமூகத்தாரிடம் வழிவழியாகப் பேணப்பட்ட செப்பேடுகளைப் பற்றித் தமிழ் கற்றோர் சிலரேனும் அறிவர். ஏறத்தாழ கி. பி. 1000 ஆம் ஆண்டளவில் பாஸ்கர இரவிவர்மன் என்னும் சேர மன்னன், யோசேப்பு ரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையையும், பகல்விளக்கு, பல்லக்கு, குடை, பறை, எக்காளம் முதலான சிறப்புகளோடு எழுபத்திரண்டு உரிமைகளையும் அளித்த செய்தி அவற்றில் உள்ளது. எழுத்து வட்டெழுத்து, மொழி, தமிழும் மலையாளமும் முற்றாகப் பிரியாத காலத்து மொழி. அயலூரான் ஒருவனுக்கு அவ்வூர் கொடுத்த வரவேற்பு நம்முடைய எழுத்திலே எழுதப்பட்டிருக்கிறது என்று நண்பரிடம் சொன்னேன். அவர் அதைத் தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியிலேதான் அவர் தம் பயணத்தின் சுமையைச் சொன்னார். அவருடைய தந்தையார் காலமாகி ஏழு மாதமாகியிருந்தது. தாய் தந்தையரை இழந்த மகன் பதினொரு மாதம், நாள்தோறும் கடிஷ் என்னும் துதியைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அரமேய மொழியில் அமைந்த அத்துதியில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முழுவதும் இறைவனின் பெருமையே. ஆனால் தனியே நின்று அதைச் சொல்லலாகாது. மின்யான் எனப்படும் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். சீர்திருத்தப் பிரிவினர் பெண்களையும் அப்பத்தில் எண்ணுவர். இவருடைய பழைய மரபிலோ பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பதின்மர் வேண்டும். ஒன்பது பேர் எவ்வளவு கற்றோராயினும் போதாது. பத்தாவதாக ஒரு பள்ளிச் சிறுவன் வந்தாற் போதும். திவசத்துக்கு ஒரு நாள் தவறினாலும் பதைக்கின்ற நமக்கு அவர் நிலைமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பயணம் தம் தொழிலின் பொருட்டு நேர்ந்ததாகவும், ஊர் தோறும் இறங்கியவுடன் முதலில் எண்ணுவது ஆட்களையே என்றும் அவர் கூறினார்.

கொச்சியில் அந்தப் பத்துத்தான் அரிது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கேரளத்தில் ஏறத்தாழ 2,500 யூதர் வாழ்ந்தனர். 1948 இல் இஸ்ரேல் நாடு அமைந்தபின், குறிப்பாக ஐம்பதுகளில், பெரும்பாலார் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிவிட்டனர். துரத்தப்பட்டன்று, விரும்பியே சென்றனர். நாங்கள் போன காலத்தில் மட்டாஞ்சேரியில் எஞ்சியவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர், அவர்களும் முதியோர். எர்ணாகுளத்திற் சிலர் இருந்தனர். ஆனால் இடையிலே கழி. ஓய்வுநாளில் வண்டியோ படகோ ஏறலாகாது. ஆகவே பத்துப் பேரை நிறைவு செய்வது பெரும்பாலும் வழிப்போக்கர் கையிலேயே இருந்தது.

இனி, அந்த ஓய்வுநாளைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி, சனிக்கிழமை இரவு மூன்று விண்மீன்கள் தோன்றும் வரையில் அது நீடிக்கும். விலக்கப்பட்ட தொழில்களை முப்பத்தொன்பது வகையாக அவர்கள் நூல் வகுத்திருக்கிறது. தீ மூட்டுதல், எழுதுதல், சமைத்தல், சுமத்தல் எல்லாம் அவற்றில் அடங்கும். மின்விளக்கின் ஆளியை அழுத்துவதும் ஆகாது. பணத்தைத் தொடுவதும் ஆகாது. வீதியிலே ஒரு கைக்குட்டையைச் சட்டைப் பையிற் கொண்டுபோவதுகூடச் சுமத்தலே. அவர் வசிக்கும் வடமேற்கு இலண்டனில் கம்பமும் கம்பியுமாக ஓர் எல்லை வளைத்து, அதன் உட்பகுதியைப் பொது முற்றம்போற் கருதுகின்றனர். எரூவ் என்பது அதன் பெயர். பல ஆண்டு வாக்குவாதத்தின் பின் 2003 இலேதான் அது நடைமுறைக்கு வந்தது. கொச்சியில் அத்தகைய எல்லை எதுவும் இல்லை.

ஆகையால் வெள்ளி பகல் முழுவதும் அவர் ஓடியாடினார். தம் பிரார்த்தனைப் புத்தகத்தை முன்னதாகவே ஜெபாலயத்திற் கொண்டுபோய் வைத்தார். தம்முடைய சிறு பாத்திரத்தில் முட்டைகளை அவித்தார். அறைத் திறப்பை விடுதிக்காரரிடம் ஒப்படைத்தார். குளியலறை விளக்கை ஏற்றி, கதவைச் சிறிது திறந்து வைத்தார்; அந்த வெளிச்சத்திலே இரவில் நடமாட வேண்டும். சூரியன் மறையப் பதினெட்டு நிமிடமிருக்கையில் விறாந்தை மேசையில் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றினார். "நீங்கள் போய்வாருங்கள், இவை அணையாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் என் மனைவி. மாலையில் விளக்கேற்றும் வீட்டிற் பிறந்தவருக்கு அதில் வினவ ஒன்றும் இருக்கவில்லை.

நானும் அவருடன் நடந்தேன். கைவீசி நடந்தார், பையிலே ஒரு துண்டுத் தாளும் இல்லை. மிளகும் ஏலமும் சுக்கும் மணக்கும் வீதிகள் வழியே சென்று யூதர் தெருவை அடைந்தோம். நான் வாயிலுக்கு எதிரே ஒரு திண்ணையில் அமர்ந்துகொண்டேன். சிலர் வந்தனர். பயணிகள் இருவர் முதுகுச் சுமையில்லாமல் வந்தனர். அவர்களும் விதி அறிந்தவர்கள் போலும். சிறிது நேரத்தில் நண்பர் வெளியே வந்து தெருவின் இரு முனையையும் பார்த்தார். உள்ளே போனார். மீண்டும் வந்தார்.

"எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"ஒன்பது" என்றார்.

என் வாயிலிருந்து அச்சொற்கள் எவ்வாறு வந்தன என்று இன்றும் அறியேன். "நான் வந்து நிற்கட்டுமா? யாருக்குத் தெரியப் போகிறது?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, சினக்கவுமில்லை. என் தோளிலே கைவைத்து, "என் தந்தையார் இருந்திருந்தால் உங்களை மிகவும் விரும்பியிருப்பார்" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். ஒன்பது பேரும் தனித்தனியே தொழுதனர். கடிஷ் சொல்லப்படவில்லை.

அந்தத் திண்ணையில் இருந்தபடி, அவ்விடத்துப் பழைய வரலாறு ஒன்றை நினைத்துக்கொண்டேன். அந்த ஜெபாலயத்தில் ஒரு காலத்தில் எல்லா யூதரும் சமமாக எண்ணப்பட்டதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய பரதேசிகள் என்ற வெள்ளை யூதரே முழு உரிமையாளர். அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்றோரின் வழிவந்தவர், அதே வேதத்தை ஓதியும், பின்புறத்திலும் வாயிலருகிலும் இருக்க வேண்டியவராயினர். அவ்வழிவந்த ஏ. பி. சேலம் என்னும் வழக்கறிஞர், 1882 இற் பிறந்து 1967 இல் மறைந்தவர், காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தை அந்த ஜெபாலயத்துக்குள்ளேயே நடத்தினார். அவரை யூத காந்தி என்றே அழைப்பர். தடைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. தளர்ந்து முடியுமுன்னரே ஊர் காலியாகிவிட்டது. ஆட்கள் நிறைந்திருந்த நாளிலே ஆட்களை எண்ணாது விட்ட இடத்தில், இப்போது ஒருவரைத் தேடித் தெருவைப் பார்க்கிறார்கள். இதை நான் பிறர் குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கோயில் வாசல்கள் சிலவும் என் சிறுபராயத்தில் அவ்வாறே இருந்தன.

விடுதிக்குத் திரும்பியபோது மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. அன்றிரவு அவர் எங்களுக்கு விருந்தளித்தார். பாஸ்கா விழா கழிந்து சில நாளேயாகியிருந்தமையால், பெட்டியில் எஞ்சிய புளியாத அப்பங்கள் இருந்தன. அவற்றில் இரண்டை எடுத்து ஆசீர்வதித்தார்; திராட்சை ரசத்தை ஆசீர்வதித்தார்; தகரத்திலடைத்த மீனும் அவித்த முட்டையும் வாழைப்பழமும் பகிர்ந்தார். மீனும் முட்டையும் உண்ணாத என் மனைவிக்கு அப்பமும் பழமும் வாய்த்தன. அவரைத் தோசைக்கு அழைத்து மனம் நொந்த நான் அவர் மேசையில் வயிறார உண்டேன். அப்பம் சற்று மரத்தூள் போல இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு ஒரு சங்கடம். மின்சாரம் வீணாகிறதே என்று விடுதிப் பையன் நல்லெண்ணத்தோடு குளியலறை விளக்கை அணைத்துவிட்டான். மெழுகுவர்த்திகளும் முடிந்துவிட்டன. நண்பர் இருளான அறை வாயிலிலே நின்றார். ஆளியைத் தாம் தொடலாகாது. "ஏற்றுங்கள்" என்று எங்களைக் கேட்கவும் ஆகாது. தமக்காகப் பிறர் ஏற்றினும் அதன் பயனைக் கொள்ளலாகாது. ஆயினும் பிறர் தம்முடைய தேவைக்கே ஏற்றிய விளக்காயின், அதன் வெளிச்சத்தில் இருக்கத் தடையில்லை. இவற்றையெல்லாம் அன்று பகலிலேதான் எனக்குக் கற்பித்திருந்தார்.

"ஐயா, என் அறையில் என் மனைவி உறங்கப் போகிறார். உங்கள் அறையில் இருந்து பத்திரிகை படிக்கலாமா?" என்று கேட்டேன். "தாராளமாக" என்றார். உள்ளே சென்று விளக்கை ஏற்றி நாற்காலியில் அமர்ந்தேன். என் கையில் அகப்பட்டதோ ஒரு மலையாளப் பத்திரிகை. எனக்கு மலையாள எழுத்து அரைகுறை. ஆயினும், படிப்பதற்கென்று ஏற்றிய விளக்கு பொய்யாகிவிடக் கூடாதே! முன்பக்கம் முழுவதையும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதற்குள் அவர் படுக்கையைத் தட்டிப் போட்டுக்கொண்டார். விளக்கை அணைக்காமலே எழுந்து வந்துவிட்டேன். அவர் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விளக்கு அவருக்காக ஏற்றப்பட்டதாகிவிடும்.

சனிக்கிழமை காலை எண்ணிக்கை எட்டாகக் குறைந்தது. பகலில் விறாந்தையில் இருந்து பேசினோம். இவ்வளவு கடினமாயிருந்தும் ஏன் என்று கேட்டேன். அவர் நேர்விடை சொல்லாது, ஒரு செய்தியைச் சொன்னார். 1940 இல் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் சியூனே சுகிகாரா என்னும் யப்பானிய துணைத்தூதர், நாசிகளுக்கு அஞ்சி ஓடிவந்த யூதருக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பயண அனுமதிகளைத் தம் கையாலே எழுதிக் கொடுத்தார். அவற்றைக் கொண்டு சைபீரியாவை இரயிலிற் கடந்து, விளாடிவொஸ்தொக்கிலே கப்பலேறி, அகதிகள் யப்பானின் கோபே நகரை அடைந்தனர். மீர் என்னும் ஊரின் புகழ்பெற்ற வேதபாடசாலையின் மாணவர்களும் அவர்களுள் இருந்தனர்.

அங்கே அவர்களை வாட்டிய கேள்விகளுள் ஒன்று, ஓய்வுநாள் எது என்பது. நாள் மாறும் கோடு உலகில் எங்கே விழுகிறது? கிரீனிச்சைக் கொண்டு அரசுகள் வகுத்த கோடு யூத சட்டத்தைக் கட்டுமா? 1941 இல் உபவாசத் திருநாள் நெருங்கியபோது பலஸ்தீனத்துக்குத் தந்தியடித்தனர். எருசலேமிற் கூடிய குருமார், கோபேயின் கணக்குப்படி புதன்கிழமையே உபவாசம் என்றனர். ஹசோன் இஷ் என வழங்கப்பட்ட பெரும் சட்ட அறிஞரோ, எருசலேமுக்குக் கிழக்கே 90 பாகையிற் கோடு விழுகிறது எனக் கொண்டு, புதனன்று உண்ணுங்கள், வியாழனன்று உபவாசம் இருங்கள் என்று தந்தி கொடுத்தார். இரண்டு நாளையும் பேணியவர்களும் உண்டு.

"வீடு போயிற்று, நாடு போயிற்று, பெற்றோர் உயிரோடிருக்கின்றனரா என்பதும் தெரியாது. ஆனால் இன்று என்ன கிழமை என்பதைப் பிழையின்றி அறிய வேண்டும் என்று நின்றார்கள்" என்றார் நண்பர். அதற்குமேல் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இருட்டியதும் மூவரும் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தோம். முகில் பரந்திருந்தது. முதல் மீனை என் மனைவி கண்டார். இரண்டாவதை அவர் கண்டார். மூன்றாவதுக்கு வெகுநேரம் காத்திருந்தோம். தென்னோலைகளுக்கிடையில் அதுவும் தெரிந்தது. அவர் உள்ளே போய்த் தம் கையாலே விளக்கை ஏற்றினார். உடனே தொலைபேசியை எடுத்து எவர் எவருக்கோ பேசத் தொடங்கினார்.

ஞாயிறு விடியற்காலையில் முதற் படகில் எர்ணாகுளத்துக்குப் புறப்பட்டார். நாங்களும் அன்றே திருச்சூருக்குப் போகவேண்டியிருந்தது. வாயிலில் ஓர் இளநீர் குடித்துப் பிரிந்தோம். ஒரு மாதத்தின் பின் பாடசாலை முகவரிக்கு இலண்டனிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. ஒரு பக்கத்தில் மட்டாஞ்சேரி மணிக்கூட்டுக் கோபுரத்தின் படம். மறுபக்கத்தில் என் மனைவிக்கு வணக்கமும், மலையாள வாசிப்பு எவ்வளவில் இருக்கிறது என்ற விசாரிப்பும். அவற்றின் கீழே தனி வரியாக எழுதியிருந்தார்: "ஞாயிறு காலை எர்ணாகுளத்திற் பதினொருவர் இருந்தோம்."